பத்து சதவீத ஈரம்

காப்பி எடுப்பு முடியும் நாட்களில் சேர்வராயன் மலையின் வாழவந்தியில் வெயில் விழும் இடமெல்லாம் களம்தான். சிமெண்ட் தரையிலும், வாசலில் விரித்த தார்ப்பாயிலும், தோல் நீக்கிக் கழுவிய கொட்டைகள் வெளிர்மஞ்சள் ஓட்டோடு காய்கின்றன. மாலையில் பனி இறங்குவதற்குள் குவித்து மூடியாக வேண்டும். இல்லையென்றால் பகலெல்லாம் வெளியேறிய ஈரம் இரவில் திரும்பி ஏறிவிடும். காய்ச்சல் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க ஈரமானி வைத்திருப்பவர்கள் குறைவு. ஒரு கொட்டையை எடுத்து, நகத்தால் ஓட்டை உரித்து, கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். பல் பதிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பதியாமல் 'டக்'கென்று நின்றால் சாக்கில் கட்டலாம்.

அந்தப் பல் கண்டுபிடிப்பது ஓர் எண்ணை. பழத்திலிருந்து எடுத்தபோது கொட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். பல் நிற்கும்போது அது 10 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கும். 12-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், மிகவும் குறைந்தால் கொட்டை உடையும், எடையும் போகும். வியாபாரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் உயிர் வேதியியலின் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது: உயிருள்ள ஒரு பொருளுக்குள் நீர் என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் கார்பன் மூலக்கூறுகள் என்னவாகின்றன?

பள்ளிப் பாடநூல்கள் இதை ஒரு வரிசையில் சொல்லும். முதலில் நீர், அதன் முனைவுத்தன்மை. பிறகு கார்பன், அதன் நான்கு கைகள். பிறகு சர்க்கரை, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று நான்கு பெட்டிகள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்த மாணவருக்கு, நீர் என்பது மற்ற மூலக்கூறுகள் மிதக்கும் குளம் மட்டுமே என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. நீர் குளம் மட்டுமன்று. ஒவ்வொரு பெரிய மூலக்கூறும் கட்டப்படும்போது நீர் வெளியேறுகிறது. ஒவ்வொன்றும் உடையும்போது நீர் உள்ளே நுழைகிறது. கட்டுக்கும் பிரிவுக்கும் அதுவே நேரடிப் பங்காளி. இதைப் புரிந்துகொள்ளச் சேர்வராயன் மலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று விதைகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் இந்த மலையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்பவை. மலையாளிப் பழங்குடியினரின் காடுகளில் விளைந்த கேழ்வரகு ஒன்று. காப்பிக்கு நிழல் தரும் பலா ஒன்று. காப்பி மூன்றாவது. கேழ்வரகை எவ்வளவு காயவைத்தாலும் தாங்கும்; குதிரில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அடுத்த மழையில் முளைக்கும். பலாக்கொட்டையைக் காயவைத்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு சில வாரங்களுக்குள் ஊன்றியாக வேண்டும். விதை ஆய்வாளர் இ. எச். ராபர்ட்ஸ் 1973-இல் இந்த இரண்டு வகைகளுக்கும் பெயர் வைத்துப் பிரித்தார். விதை என்றால் இரண்டில் ஒன்று என்றே பலரும் நம்பினார்கள். 1990-இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் மூவரும் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் சான்று காப்பி விதை. அது 10 சதவீத ஈரம் வரை காய்வதைத் தாங்குகிறது. அதற்குக் கீழே போனால் முளைப்புத்திறன் சரிகிறது. காயவைத்துக் குளிரில் வைத்தாலும் சாகிறது. வாழவந்திக்காரர்களின் பல் நிற்கும் இடமும், அந்த விதை உயிரோடு இருக்கக்கூடிய எல்லையும் கிட்டத்தட்ட ஒன்று. இதை முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நீரின் இயல்பிலிருந்து தொடங்கலாம். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், நடுவில் 104.5 பாகைக் கோணம். அந்த வளைவினால் ஒரு பக்கம் சற்றே எதிர் மின்னூட்டம், மறுபக்கம் நேர் மின்னூட்டம். அதனால் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இதன் ஹைட்ரஜன் இழுத்துப் பிடிக்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வலு, மூலக்கூறுக்கு உள்ளிருக்கும் பிணைப்பில் இருபதில் ஒரு பங்குதான். பிடித்தது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் விட்டுவிடும். உடனே வேறொன்றைப் பிடிக்கும். இந்தக் கணநேரப் பிடிகள்தான் நீரை நீராக வைத்திருக்கின்றன. ஆக்சிஜனுக்கு அடுத்த படியில் இருக்கும் கந்தகத்தோடு இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடு, நீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனாலும் சுழியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீர் கடற்கரையில் 100 பாகை வரை நிற்கிறது. 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 95 பாகையிலேயே கொதிக்கும். மலைமேல் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான்.

அதே பிடிதான் வேரிலிருந்து இலை வரை ஒரு நீர்க்கயிற்றை அறாமல் வைத்திருக்கிறது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் உச்சி இலைக்கு நீரை ஏற்ற எந்த இதயமும் இல்லை. இலையில் ஆவியாகும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது என்று டிக்ஸனும் ஜோலியும் 1894-இல் விளக்கினார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. தண்டுக்குள் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று 1923-இல் ஒரு நூலே எழுதினார். இன்றைய சான்றுகள் டிக்ஸன் பக்கம்தான். ஆனால் தாவரத்தை வெறும் குழாயாகப் பார்க்க மறுத்த போஸின் பிடிவாதத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

மலைக்காரர்களுக்கு நீரின் வேதியியல் ஆண்டுக்கொரு முறை கண்ணெதிரே தெரிவது பூ மழையில்தான். கோடை வறட்சியில் காப்பியின் பூமொட்டுகள் வளர்ச்சியை நிறுத்தி உறங்குகின்றன. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் மொட்டுக்குள் நீர் புகுந்து, உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெலின் மேலோங்குகிறது. எட்டு முதல் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே விடியலில் வெள்ளையாகிறது. மல்லிகையை ஒத்த அந்த வாசனை இரண்டு நாள் நிற்கும். மழை அரைகுறையாக விழுந்தால் மொட்டு கருகிவிடும். அந்த ஆண்டின் காய்ப்பு அந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடுகிறது.

இனிக் கார்பன். அதைப் பேச இலையிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்த மலையில் பாறையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்திருந்த கல், சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியின் பாறையை ஒத்திருந்ததைக் கண்டு தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. அதன் தனித்தன்மை வறட்சி. நீரைத் தன் கட்டமைப்பில் வைத்திருக்கும் கனிமங்கள் அதில் அநேகமாக இல்லை. ஆனால் அதன் படிகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் சிறைப்பட்டிருப்பது கார்பன் டை ஆக்சைடு. ஆழத்திலிருந்து எழுந்த கார்பன் டை ஆக்சைடு வெள்ளம்தான் நீரை விரட்டிப் பாறையை உலர்த்தியது என்று கர்நாடகத்தின் கப்பால்துர்காவை ஆராய்ந்த ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் 1979-இல் எழுதினார்கள். இல்லை, பாறையின் ஒரு பகுதி உருகி ஓடியபோது நீரையும் சேர்த்து இழுத்துப்போய்விட்டது என்பது எதிர்த்தரப்பு. அடர்ந்த உப்புக்கரைசல்களின் பங்கையும் இப்போது சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு எல்லாத் தரப்பிலும் ஓரளவு உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரே விடை தென்னிந்தியாவின் எல்லாக் குன்றுகளுக்கும் பொருந்த வேண்டியதில்லை.

மலையடிவாரத்தில் கதை தலைகீழ். சேலத்திலிருந்து ஏற்காடு சாலை ஏறுவதற்கு முன் தெரியும் வெள்ளைக்கல் பூமி, மேக்னசைட் என்னும் மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் மிகுந்த கரும்பாறைக்குள் நீரும் கார்பன் டை ஆக்சைடும் புகுந்து வினைபுரிந்து, வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. தூய மேக்னசைட்டின் எடையில் 52 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுதான். சூளையில் சுடும்போது பாதிக்கு மேற்பட்ட எடை வானத்துக்குப் போகிறது என்று பொருள். அந்த மெக்னீசியம் அணுவைத்தான் இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் நடுவில் வைத்திருக்கிறது.

மண்ணிலும் பாறையிலும் கொட்டிக் கிடப்பது சிலிக்கான். புவியோட்டின் எடையில் கால் பங்குக்கு மேல். கார்பனைப் போலவே அதற்கும் நான்கு கைகள். பிறகு ஏன் உயிர் சிலிக்கானைத் தேர்ந்தெடுக்கவில்லை? கார்பன், கார்பனோடு கைகோர்த்து நீண்ட சங்கிலி கட்டினால் அது நிலைக்கும். சிலிக்கான் சங்கிலி வலுவற்றது, ஆக்சிஜனைக் கண்டால் உடைந்து அதனோடு சேர்ந்துவிடும். சேர்ந்து உண்டாவது குவார்ட்ஸ் என்னும் கல். கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் உண்டாவது நீரில் கரையும் வாயு. போனது திரும்பி வரும். சுழற்சி என்பது கார்பனுக்கு இயல்பு. சிலிக்கானுக்குப் பாறையாகி நின்றுவிடுவது இயல்பு. கார்பன் உயிருக்கு அடித்தளமானதில், அதன் நான்கு கைகளுக்கு இருக்கும் அதே பங்கு, அது நீரில் கரைந்து போய்வர முடிவதற்கும் உண்டு.

இலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, நீரைப் பிளந்து வருகிறது என்று கனமான ஆக்சிஜன் அணுவை அடையாளமாக வைத்து ரூபனும் கேமனும் குழுவினரும் 1941-இல் காட்டினார்கள். கார்பன் எந்தப் படிகளில் சர்க்கரையாகிறது என்பதைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கால்வின், பென்சன், பாஷம் ஆகியோர் அடுத்த பத்தாண்டுகளில் கண்டார்கள். விலை மட்டும் அதிகம்: உள்ளே வரும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்குப் பல நூறு நீர் மூலக்கூறுகளைக் காப்பி இலை காற்றில் இழக்கிறது. நிழல் மரத்தை வெட்டித் தோட்டத்தை வெயிலில் நிறுத்துபவர்கள் இந்த விலையைத்தான் கூட்டுகிறார்கள்.

இனிக் கொட்டைக்குள். காய்ந்த அராபிகா கொட்டையில் ஏறத்தாழ பாதி பலபடிச் சர்க்கரை, 15 சதவீதம் எண்ணெய், 10 சதவீதம் புரதம், 6 முதல் 9 சதவீதம் சுக்ரோஸ், அதற்கு நெருங்கிய அளவில் குளோரோஜெனிக் அமிலங்கள், காஃபின் 1.2 சதவீதம் அளவு. இவற்றில் பெரியவை எல்லாம் கட்டப்படும் முறை ஒன்றே. குளுக்கோஸும் பிரக்டோஸும் இணைந்து சுக்ரோஸ் ஆகும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். மூன்று கொழுப்பமிலம் கிளிசராலோடு சேர்ந்து எண்ணெயாகும்போது மூன்று. 300 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்துக்கு 299. நியூக்ளிக் அமிலத்துக்கும் இதே கணக்கு. ஒரு கொட்டையை உடைத்தால், நீரை வெளியேற்றிப் பெற்ற கட்டுகளின் கிடங்கு அது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. நீர் நிரம்பிய செல்லுக்குள் நீரை வெளியேற்றிக் கட்டுவது, ஓடையில் நின்றுகொண்டு துணி உலர்த்துவது மாதிரி. வேதியியலின் சாய்வு உடைப்பதன் பக்கமே இருக்கிறது. செல் இதைச் சமாளிப்பது ஏடிபி போன்ற ஆற்றல் மூலக்கூறுகளைச் செலவழித்துத்தான். சரி, கட்டியது உடனே உடையாமல் எப்படி நிற்கிறது? அதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. நொதியின் துணை இல்லாமல் சாதாரண வெப்பத்தில் ஒரு புரதப் பிணைப்பை நீர் உடைக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகும் என்று வொல்ஃபெண்டன் குழுவினர் 1990-களில் அளந்தார்கள். செல்லுலோஸின் பிணைப்புக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள். உடைய வேண்டியது உடையாமல் காத்திருக்கிறது. எப்போது, எங்கே உடைய வேண்டும் என்று சொல்வது நொதி. உயிரின் தொடக்கத்தை ஆராய்பவர்களுக்கும் இதே முடிச்சுதான். நொதி தோன்றுவதற்கு முன் முதல் சங்கிலிகளைக் கட்டியது எது? நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடந்த குட்டைகள் என்பது டேவிட் டீமர் போன்றவர்களின் பதில். உலர்வது கட்டும், நனைவது கலைத்து அடுக்கும். களத்தில் காப்பி பகலில் காய்ந்து இரவில் ஈரம் வாங்குவதைப் பார்க்கும்போது அந்தக் கருத்து எனக்கு வெறும் ஏட்டுக் கருத்தாகத் தோன்றுவதில்லை.

பலபடிச் சர்க்கரை என்று ஒரே பெயரில் கடந்துவிடக் கூடாத பொருள் ஒன்று இருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று நீரை வாங்கி உப்புகிறது அல்லவா? அதில் இருப்பது கேலக்டோமன்னன்: மேனோஸ் சர்க்கரைகளின் நீண்ட முதுகெலும்பு, அதில் நெருக்கமாகத் தொங்கும் கேலக்டோஸ் கிளைகள். காப்பிக்கொட்டையிலும் அதே குடும்பத்துப் பொருள்தான். ஆனால் கிளைகள் மிகக் குறைவு. கிளை இல்லாத சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் படிந்து நீரை உள்ளே விடுவதில்லை. பல்லை நிறுத்துவது இந்தச் சுவர்தான். பேரீச்சங்கொட்டையின் கடினமும் இதே வகை. ஒரே சரக்கு, கிளையின் எண்ணிக்கை மட்டும் மாறியதும் ஒன்று கூழாகவும் ஒன்று கல்லாகவும் ஆகிறது.

புரதத்தில் நீரின் கை இன்னும் நுட்பமானது. நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, விரும்புபவை வெளியே நிற்க, சங்கிலி தானாக மடிகிறது. இந்த ஒதுங்கலே மடிப்பின் முக்கிய விசை என்று 1959-இல் கௌஸ்மன் வாதிட்டார். ஆனால் சங்கிலி நினைத்தபடியெல்லாம் மடிய முடியாது, அணுக்கள் இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை இல்லை என்று வரைபடமாகவே போட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம்: ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன், ஆண்டு 1963. இன்று உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பு வெளிவந்தாலும் அந்த வரைபடத்தில் சரிபார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தப் பெயரைப் போட்டித் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்வது எனக்கு உண்மையான வருத்தம்.

காஃபினைப் பற்றி ஒரு சொல். கார்பன் 8, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. அதன் இரட்டை வளையம், நம் மரபணுவில் இருக்கும் அடினின், குவானின் ஆகியவற்றின் வளையமே. செடி அந்தப் பழைய சரக்கிலிருந்து எடுத்து மூன்று மீத்தைல் கிளைகளைப் பூட்டுகிறது. 2014-இல் ரொபஸ்டா காப்பியின் மரபணுத்தொகுப்பு வெளியானபோது, காப்பியும் தேயிலையும் கொக்கோவும் இந்தத் திறனைத் தனித்தனியே கண்டடைந்தவை என்று தெரிந்தது.

பழத்தைப் பறித்தபின் மனிதர்கள் செய்வது முழுக்க நீர் வேலை. பல்பர் இயந்திரத்தில் தோல் போனதும் கொட்டையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு மிஞ்சும். பெரும்பாலும் நீரும், சர்க்கரையும், பெக்டினும். தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் கிடத்தினால், நுண்ணுயிர்களின் நொதிகள் பெக்டின் சங்கிலிகளை நீரைச் செருகி வெட்டிவிடும். குளிர்ந்த இரவுகளில் நேரம் கூடும். கையில் எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் போல நறநறவென்றால் கழுவலாம்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். அது நஞ்சு அல்ல, வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானே என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காட்டின் உயரத்தில், 20 பாகை வெப்பத்தில், ஒரு லிட்டர் தெளிந்த ஓடைநீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். 180 கிராம் குளுக்கோஸை நுண்ணுயிர்கள் முழுவதும் எரிக்க 192 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 700 லிட்டர் நீரின் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். மீன் இறப்பதற்கு நஞ்சு தேவையில்லை. சுண்ணாம்பு போட்டு அமிலத்தைத் தணித்து, குழியில் தேக்கி, காலம் கொடுத்துவிடுவது அதிகச் செலவில்லாத தற்காப்பு. நீரைக் குறைத்து உரசித் தேய்க்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சிறு விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்தால்தான் அவை கட்டுப்படியாகும். அந்தச் சேர்க்கைக்கு உதவுவது அரசின் கடமை என்று நினைக்கிறேன்.

கழுவிக் காயும் அந்த நாட்களில் கொட்டை சும்மா கிடப்பதில்லை. காப்பியின் சுவை மாற்றங்களை வெறும் ஊறல் விளைவாகவே நெடுங்காலம் பார்த்தார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் செல்மர், பைடாஃப் ஆகியோரின் குழு 2000-களில் வேறொன்றைக் காட்டியது: தோல் நீங்கிய கொட்டை முளைக்கத் தொடங்கிவிடுகிறது. முளைப்பின் அடையாளமான நொதிகள் இரண்டு நாளில் உச்சத்துக்கு வருகின்றன. குளுக்கோஸும் பிரக்டோஸும் செலவாகின்றன. பழத்தோடு காயவைத்த கொட்டையிலோ வறட்சியின் அழுத்தத்தைக் காட்டும் காபா என்ற அமினோ அமிலம் கூடுதலாகச் சேர்கிறது. கழுவிய காப்பிக்கும் பழக்காப்பிக்கும் நாக்கு காணும் வேற்றுமையில் ஒரு பங்கு, விதையே எடுத்த முடிவு.

அப்புறம் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. செல் சவ்வில் இரண்டு அடுக்காக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளைப் பிரித்து வைத்திருந்ததும் நீர்தான். அது போனால் அவை ஒட்டிக்கொள்ளும், கிழியும். பலாவுக்கு நேர்வது அதுவே. கேழ்வரகு தப்புவது எப்படி? சுக்ரோஸ் போன்ற சர்க்கரைகள் நீர் நின்ற இடத்தில் நின்று பிடித்துக்கொள்கின்றன என்பது 1980-களில் ஜான் குரோவின் கருத்து. சர்க்கரை கண்ணாடி போல உறைந்து எல்லாவற்றையும் அசையாமல் வைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல, வெவ்வேறு ஈர அளவில் வேலை செய்பவை என்ற பக்கம்தான் இன்று அதிகம் சாய்கிறார்கள். காப்பியில் சுக்ரோஸ் ஏராளம். ஆனாலும் 10-க்குக் கீழே அது தாங்குவதில்லை. சர்க்கரை மட்டுமே விடையல்ல என்பதற்குக் காப்பிக்கொட்டையே சாட்சி.

வறுப்பவர் கைக்குப் போகும் கொட்டையின் கதை விரைவில் முடிந்துவிடும். மிச்ச நீர் ஆவியாகிச் சுவரை வெடிக்கவைக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து மயார் 1912-இல் விவரித்த பழுப்பு வினையில் நூற்றுக்கணக்கான மணங்களாகும். ஒரு பங்கு கார்பன் மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகிப் போகும்.

நாற்றங்காலுக்குப் போகும் கொட்டை வேறு வழியில் போகிறது. நிழலில் உலர்த்தி, சாம்பல் தூவி, மேட்டுப்பாத்தியில் தட்டைப்பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பி, நாள்தோறும் நீர் தெளிக்கிறார்கள். முதல் சில வாரங்களில் மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே கருவின் வேர்நுனிக்கு முன்னால் இருக்கும் சுவரில், மன்னனேஸ் என்ற நொதி மேனோஸ் சங்கிலிகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறைச் செருகி, அறுத்துக்கொண்டிருக்கிறது. கடைவாய்ப் பல்லை நிறுத்திய அதே சுவர். நாற்பத்தைந்து நாள் அளவில் வைக்கோலை விலக்கிப் பார்த்தால், கொட்டையைத் தொப்பியாகத் தலையில் சுமந்துகொண்டு நாற்றுகள் வரிசையாக நிற்கும்.